பேர் மட்டும்தான் மிச்சம்: எட்கர் காட்டின் கதை



போன டிசம்பர்ல ஒரே ஒரு கொயரி ஓட்டி 43 பேரைக் கடன்காரங்க ஆக்கினேன். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கட்டுரையோட ஹீரோ வருவார்.

எங்க ஊர் ஏற்காடு மலையில தலைச்சோலை. டிசம்பர்னா இங்க காபிப் பழம் எடுக்கற சீசன். பக்கத்துல ஒரு சின்ன எஸ்டேட். அங்க ரைட்டர் இன்னமும் நோட்டுலதான் செக்ரோல் எழுதறார். அதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா எடுத்துக்கிட்டேன். மைஎஸ்க்யூஎல்ல ஒரு டேபிள்: ஆள் நம்பர், பேர், எடுத்த கிலோ, வாங்கின அட்வான்ஸ். அட்வான்ஸ் ஏத்தறதுக்கு ஒரு ஸ்டோர்டு ஃபங்ஷன். 17-ம் நம்பர் அண்ணன் 2000 ரூபாய் வாங்கினார். ஃபங்ஷனைக் கூப்பிட்டேன். எரர் எதுவும் வரல. சம்பள நாள் அன்னைக்குப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தா, 43 பேர் கணக்குலயும் 2000 ஏறியிருக்கு.

அதுல ஒரு அக்கா அந்த சீசன்ல பத்து ரூபாய்கூட அட்வான்ஸ் வாங்கினது இல்ல. லிஸ்ட்டைப் பார்த்தாங்க, ஒண்ணுமே கேக்கல. கம்ப்யூட்டர்ல வந்திருக்கு, சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட வரிசையில நின்னுட்டாங்க. ரைட்டர்தான் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து எல்லாரையும் நிறுத்தினார். அந்த ரெண்டு நிமிஷம் என் முகம் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க.

தப்பு ஒரு சின்ன இடத்துல. டேபிள்ல ஒரு நெடுவரிசைக்கு ஒர்க்கர் ஐடின்னு பேர். ஃபங்ஷனுக்குள்ள வர்ற பாராமீட்டருக்கும் ஒர்க்கர் ஐடின்னே பேர் வெச்சிருந்தேன். வேர் கண்டிஷன்ல ஒர்க்கர் ஐடி ஈக்வல் டு ஒர்க்கர் ஐடின்னு எழுதினேன். இடது பக்கம் டேபிள், வலது பக்கம் நான் அனுப்பின 17ன்னு என் மனசுல ஓடுது. மைஎஸ்க்யூஎல் ரெண்டு பக்கமும் பாராமீட்டரையே எடுத்துக்கிச்சு. 17 ஈக்வல் டு 17. எல்லா வரிசைக்கும் உண்மை. எல்லாருக்கும் கடன்.

(நெடுவரிசைன்னு எழுதறதுக்குக் காரணம் இருக்கு. இங்கிலீஷ்ல சொல்ற மாதிரி காலம்னு எழுதினா நேரம்னு படிச்சிடுவீங்க. அடுத்து வரப்போற ஆள் பேர் காட். அதைக் கடவுள்னு படிச்சிடாதீங்க. பாருங்க, பேர் இடிக்கறது இங்கயே ஆரம்பிச்சாச்சு.)

இந்த இடி ஏன் வருதுன்னு தேடப்போனப்போதான், டேபிள் வெச்சு டேட்டாபேஸ் கட்டலாம்னு முதல்ல சொன்ன மனுஷனோட வாழ்க்கையைப் படிச்சேன். டிபிஎம்எஸ் பேப்பர்ல நார்மல் ஃபார்ம் எழுதும்போது நாம எல்லாரும் அவர் பேரை எழுதியிருக்கோம். ஆள் யாருன்னு பார்த்தது இல்ல.

துணிக்கடையில் ஒரு ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி

எட்கர் ஃபிராங்க் காட் 1923 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய போர்ட்லாண்ட் தீவில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் தொழில். அம்மா பள்ளி ஆசிரியை. ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஆக்ஸ்ஃபோர்டில் எக்ஸிடர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் படித்தார். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. படிப்பைக் காரணம் காட்டி விலக்கு வாங்கியிருக்கலாம். வாங்காமல் விமானப்படையில் சேர்ந்து, கடலுக்கு மேல் ரோந்து போகும் சண்டர்லாண்ட் விமானங்களை ஓட்டினார். போர் முடிந்து வந்து டிகிரியை முடித்தார். 1948-ல் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்.

நியூயார்க்கில் கிடைத்த முதல் வேலை மேசிஸ் என்ற பெரிய கடையில் ஆண்களுக்கான விளையாட்டு உடை விற்பது. கணிதத்தில் ஆக்ஸ்ஃபோர்டு டிகிரி, வேலை துணிக்கடையில. பிளேஸ்மெண்ட் சீசன்ல தூக்கம் வராத நண்பர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிச்சுக்கோங்க. அதன் பிறகு டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் கணிதம் சொல்லிக் கொடுத்தார். 1949-ல் ஐபிஎம்-ல் புரோகிராம் எழுதும் கணிதவியலாளராகச் சேர்ந்தார்.

நல்ல வேலை கிடைச்சாச்சுன்னு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திக்கொண்டிருந்தார். ஒருத்தர் மேல முத்திரை குத்தினா அவர் வேலை, பேர் எல்லாம் போச்சு. அந்தச் சூழல் பிடிக்காமல் காட் 1953-ல் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். 1957-ல்தான் மறுபடி ஐபிஎம்-க்குத் திரும்பினார்.

திரும்பி வந்ததும் ஸ்ட்ரெட்ச் என்ற பெரிய கணினியில் வேலை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல புரோகிராம்கள் ஒரே மெஷினில், ஒன்றை ஒன்று மிதிக்காமல் ஓட வேண்டும். அதற்கான முறையை உருவாக்கிய குழுவை நடத்தினார். இன்னைக்கு மல்டிபுரோகிராமிங்னு நாம ஓஎஸ் பேப்பர்ல படிக்கறது அதுதான். 1961-ல் ஐபிஎம் உதவித்தொகையுடன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக உட்கார்ந்தார். தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்ளும் இயந்திரத்துக்கு வான் நாய்மன் ஒவ்வொரு செல்லிலும் 29 நிலைகள் வைத்திருந்தார். அதை 8 நிலைகளில் செய்யலாம் என்று காட் காட்டினார். 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

வளைவுகளை மனப்பாடம் செய்த காலம்

பிறகு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வுக்கூடம். அப்போது டேட்டாபேஸ்னா என்னன்னு புரிஞ்சுக்கணும்னா எங்க மலைக்கு வாங்க. சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வீட்டுக்கு வழி கேட்டா, எத்தனையாவது வளைவு, அங்க இருந்து எந்தப் பக்கம், அப்புறம் எத்தனையாவது கேட்டுன்னு சொல்லித்தான் ஆகணும். ரோட்டை மாத்திப் போட்டா அந்த வழி செல்லாது.

அன்றைய டேட்டாபேஸ்கள் அப்படித்தான் இருந்தன. அப்போலோ திட்டத்தில் பிறந்த ஐபிஎம்-ன் ஐஎம்எஸ்-ல் டேட்டா மரம் மாதிரி கிளை கிளையாக இருக்கும். இன்னொரு வகையில் வலை மாதிரி பின்னியிருக்கும். ஒரு தகவல் வேண்டும் என்றால் எந்தக் கிளையில் ஏறி, எந்தப் பாயிண்டரைப் பிடித்து, எத்தனையாவது இடத்தில் நிற்க வேண்டும் என்று புரோகிராமர்தான் எழுத வேண்டும். டேட்டாவை அடுக்கும் விதம் மாறினால் புரோகிராம் உடையும்.

1970 ஜூனில் ஏசிஎம்-ன் இதழில் காட்டின் கட்டுரை வெளியானது. அப்போது வயது 46. வழியைத் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் அதன் சாரம். டேட்டா முழுக்க டேபிள்களாக இருக்கட்டும். கணிதத்தில் ரிலேஷன் என்று சொல்வது அதுதான். எந்த வரிசை முதலில், எந்த நெடுவரிசை அடுத்து என்பதற்கு அர்த்தமே இருக்கக் கூடாது. பயன்படுத்துபவர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும்.

இங்கேதான் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி ஒரு விஷயம் புரிஞ்சது. இடம் கிடையாது, முன்பின் கிடையாது, பாயிண்டர் கிடையாதுன்னா, ஒரு நெடுவரிசையை அடையாளம் காட்ட மிச்சம் இருக்கறது பேர் மட்டும்தான். மொத்தக் கட்டடமும் பேர் மேல நிக்குது. அப்போ ரெண்டு விஷயத்துக்கு ஒரே பேர் வந்தா?

காட் முதலிலேயே பார்த்த இடி

அந்தக் கேள்வியும் அதற்கான பதிலும் அந்த 1970 கட்டுரையிலேயே இருக்கின்றன. காட் ஒரு எடுத்துக்காட்டு டேபிள் தருகிறார். ஒரு பெரிய பாகத்துக்குள் எந்தச் சின்னப் பாகம், எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. அதில் முதல் நெடுவரிசைக்குத் தலைப்பு பாகம். இரண்டாவதுக்கும் தலைப்பு பாகம். மூன்றாவது எண்ணிக்கை. ரெண்டும் பாகம்தான், ஆனா ஒண்ணு உள்ளே போவது, இன்னொண்ணு அதை உள்ளே வைத்திருப்பது. மாற்றிப் படித்தால் சக்கரத்துக்குள்ள சைக்கிள் போயிடும்.

அவர் சொன்ன தீர்வு சிம்பிள். பேருக்கு முன்னால் அதன் பங்கு என்ன என்று ஒரு சொல்லைச் சேர்த்து, நடுவில் ஒரு புள்ளி வை. சப் புள்ளி பாகம், சூப்பர் புள்ளி பாகம். பேர் அப்படியே இருக்கும், யாருடைய பேர் என்பதும் தெரிந்துவிடும்.

இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊர்ல இது எவ்வளவு காலமா நடக்குது! ஒரு கிளாஸ்ல மூணு கார்த்திக் இருந்தா அட்டெண்டன்ஸ்ல எப்படிக் கூப்பிடுவாங்க? எம். கார்த்திக், எஸ். கார்த்திக், ஆர். கார்த்திக். முன்னாடி ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அப்பா பேர்தான் டேபிள் பேர், நம்ம பேர்தான் நெடுவரிசை.

வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு

கட்டுரை வந்த உடனே ஐபிஎம் தூக்கி வைத்துக் கொண்டாடியது என்று நினைத்தால் தப்பு. ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. சொந்த ஆளே அது பழசு என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? வெளியிலும் எதிர்ப்பு. வலை வகை டேட்டாபேஸின் முன்னோடி சார்லஸ் பாக்மன் 1973-லேயே டூரிங் விருது வாங்கியவர். 1974-ல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் நடந்த கூட்டத்தில் இரண்டு தரப்பும் மேடையில் நேருக்கு நேர் வாதிட்டன.

அதற்குள் சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டம் தொடங்கியிருந்தது. ஆனால் அதில் காட் வடிவமைத்த ஆல்ஃபா மொழியை எடுத்துக்கொள்ளவில்லை. டான் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் புதிதாக ஒன்று செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் சீக்வல். அந்தப் பேர் ஏற்கெனவே இங்கிலாந்தின் ஹாக்கர் சிட்லி என்ற விமான நிறுவனத்தின் டிரேட்மார்க். வேறு வழியில்லாமல் எழுத்துகளைக் குறைத்து எஸ்க்யூஎல் ஆக்கினார்கள். ஆமா மக்களே, நாம தினம் எழுதற மொழியோட பேரே ஒரு பேர் இடியில பிறந்ததுதான்.

ஐபிஎம் ஆராய்ச்சி முடிவுகளை வெளிப்படையாக அச்சிட்டது. அதைப் படித்து வெளியே வேகமாகச் செய்தார்கள். பெர்க்லியில் இங்க்ரெஸ் உருவானது. இன்றைய போஸ்ட்கிரெஸ்ஸின் மூதாதை அதுதான். பின்னாளில் ஆரக்கிள் என்று பேர் மாற்றிக்கொண்ட நிறுவனம் 1979-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஐபிஎம்-ன் எஸ்க்யூஎல்/டிஎஸ் 1981-ல்தான் வந்தது, டிபி2 1983-ல். 1981-ல் காட் டூரிங் விருது பெற்றார். 1984-ல் ஐபிஎம்-ஐ விட்டு வெளியே வந்தார்.

ரிலேஷனல் என்ற பேருக்கே ஆபத்து

அடுத்த இடி இன்னும் பெரிசு. 1980-களில் ரிலேஷனல் என்ற சொல்லுக்கு மவுசு வந்துவிட்டது. பழைய சரக்குக்கு மேல் கொஞ்சம் பூச்சு பூசி, இதுவும் ரிலேஷனல்தான் என்று பல கம்பெனிகள் விற்க ஆரம்பித்தன. ஒரே பேர், உள்ளே வேற வேற பொருள். வாங்கறவருக்கு எரர் மெசேஜ் எதுவும் வராது.

1985 அக்டோபரில் கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகையில் காட் தன் புகழ்பெற்ற 12 விதிகளை வெளியிட்டார். 0-ல் ஆரம்பித்து 12 வரை போவதால் எண்ணினால் 13 வரும். இரண்டாவது விதியை நம்ம கதைக்காகப் பாருங்கள். டேபிள் பேர், பிரைமரி கீயின் மதிப்பு, நெடுவரிசை பேர், இந்த மூன்றையும் சொன்னால் எந்த ஒரு மதிப்பையும் தவறாமல் எடுக்க முடிய வேண்டும். பேர் குழம்பினால் இந்த விதி செத்துவிடும். எஸ்க்யூஎல் மேலேயே அவருக்குக் கோபம் இருந்தது. அதில் ஒரே வரிசை இரண்டு தடவை வரலாம். ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணினா ரிசல்ட்ல ஐடின்னு ஒரே பேர்ல ரெண்டு நெடுவரிசை வந்து நிக்கும், மொழி கண்டுக்காது.

அவர் குறையே இல்லாத மனுஷரும் இல்ல. நண்பர் கிறிஸ் டேட்டுடன் (தேதி இல்ல, ஆள் பேர்) ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். 1993-ல் ஓஎல்ஏபி என்ற புதுப் பேரை ஒரு கட்டுரையில் அறிமுகப்படுத்தினார். அந்தக் கட்டுரைக்குப் பணம் கொடுத்தது ஆர்பர் என்ற கம்பெனி. அதில் சொன்ன விதிகளுக்குப் பொருந்தும் சரக்கை அதே கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம்தான்.

ஒரே வரியில் இரண்டு உலகம்

1980-களின் பின்பாதியில் இன்னொரு மாற்றம். எஸ்க்யூஎல் மட்டும் போதாது, இஃப், லூப், வேரியபிள் எல்லாம் வைத்து டேட்டாபேஸுக்குள்ளேயே புரோகிராம் எழுத வேண்டும் என்று ஸ்டோர்டு ப்ரொசீஜர், ஸ்டோர்டு ஃபங்ஷன் எல்லாம் வந்தன. டேபிள் உலகத்துக்கு நெடுவரிசைப் பேர்கள். புரோகிராம் உலகத்துக்கு வேரியபிள் பேர்கள். ரெண்டும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்தன. ஒரே பேர் ரெண்டு பக்கமும் இருந்தா யார் சொல்றது செல்லும்?

ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வழக்கம். மைஎஸ்க்யூஎல்-ல் வேரியபிள் ஜெயிக்கும். ஆரக்கிளில் நெடுவரிசை ஜெயிக்கும். என் கேஸ்ல ஆரக்கிளா இருந்தாலும் தப்பிச்சிருக்க மாட்டேன். ரெண்டு பக்கமும் நெடுவரிசைன்னு எடுத்தா ஒவ்வொரு ஆளோட நம்பரும் தன்னோட நம்பருக்கே சமம். அப்பவும் 43 பேருக்கும் கடன்தான். போஸ்ட்கிரெஸ்ஸிலும் முன்பு வேரியபிள் சத்தமில்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தது. 2010-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்து, எதைச் சொல்கிறாய் என்று தெரியவில்லை என எரர் கொடுத்து நின்றுவிடும். முதல் தடவை அந்த எரரைப் பார்த்தப்போ திட்டினேன். இப்போ அது கையைப் பிடிச்சு நிறுத்தற ரைட்டர் மாதிரி தெரியுது.

சரி, என்ன பண்ணணும்? வேரியபிளுக்கு ஒரு முன்னொட்டு வையுங்க. பாராமீட்டர்னா முன்னாடி பி அண்டர்ஸ்கோர், உள்ளே அறிவிக்கற வேரியபிள்னா வி அண்டர்ஸ்கோர். டேபிளுக்கு ஒரு சின்ன மாற்றுப்பேர் கொடுத்து, நெடுவரிசையை எப்பவும் அந்தப் பேர், புள்ளி, நெடுவரிசைன்னு எழுதுங்க. ஆரக்கிள்லயும் போஸ்ட்கிரெஸ்லயும் பாராமீட்டருக்கு முன்னாடி ஃபங்ஷன் பேரைப் போட்டுப் புள்ளி வைக்கலாம். எஸ்க்யூஎல் சர்வர்ல வேரியபிள் எல்லாம் அட் குறியோட ஆரம்பிக்கறதால இந்தத் தலைவலியே இல்ல. போஸ்ட்கிரெஸ்ல ஃபங்ஷன் ஒரு டேபிளைத் திருப்பித் தர்ற மாதிரி எழுதினா, அதுல நீங்க கொடுக்கற நெடுவரிசைப் பேர்களும் உள்ளே வேரியபிள் ஆயிடும். அங்க பல பேர் மாட்டறாங்க.

என் டேபிள்ல அந்தப் பேரே இல்லையே, எதுக்கு இதெல்லாம்னு விட்டுடாதீங்க. அடுத்த வருஷம் வேற யாரோ அந்தப் பேர்ல ஒரு புது நெடுவரிசை சேர்ப்பாங்க. ஆரக்கிள்ல அன்னைக்கு உங்க பழைய ஃபங்ஷன் சத்தமே இல்லாம வேற அர்த்தத்துல ஓட ஆரம்பிக்கும். அப்புறம் ஒண்ணு: அப்டேட் ஓட்டினா எத்தனை வரிசை மாறிச்சுன்னு பார்த்துட்டுக் கமிட் பண்ணுங்க. 1 வரவேண்டிய இடத்துல 43 வந்திருந்ததை நான் பார்த்திருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.

புள்ளிக்கு முன்னால்

எட்கர் காட் 2003 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடாவில் தன் வீட்டில் இதயச் செயலிழப்பால் இறந்தார். வயது 79. நம்ம காலேஜ்ல பலர் அப்போ பிறக்கவே இல்ல. அடுத்த ஆண்டு ஏசிஎம்-ன் டேட்டாபேஸ் பிரிவு தன் உயரிய ஆராய்ச்சி விருதுக்கு அவர் பேரை வைத்தது. பேருக்காக அவ்வளவு சண்டை போட்டவருக்கு அது பொருத்தம்தான்.

என் ஃபங்ஷனைத் திருத்திட்டேன். பாராமீட்டர் இப்போ பி அண்டர்ஸ்கோர் ஒர்க்கர் ஐடி. ரோல்பேக் பண்ண வழி இல்லாததால, 42 பேர் கணக்கை ரைட்டர் நோட்டை வெச்சு ஒவ்வொண்ணா சரி பண்ணினேன். அந்த அக்காவோட கணக்கைத்தான் முதல்ல சரி பண்ணினேன்.

அப்போதான் நோட்டை ஒழுங்காப் பார்த்தேன். ஒரே பக்கத்துல ரெண்டு சின்னப்பொண்ணு. ஒண்ணுக்கு முன்னாடி மேல்வீட்டு, இன்னொண்ணுக்கு முன்னாடி கிணத்தடின்னு எழுதி, ரெண்டுலயும் நடுவுல நீல மையில ஒரு புள்ளி.